58ஆ, 60ஆ? எல்லைக்கோட்டில் நிற்கும் நாணயத்தின் தரத்தைக் கண்டறிதல்

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரையிலான எண்களால் குறிக்கும் முறையை அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் அந்நாட்டின் பழைய பெரிய சென்ட் நாணயங்களுக்காக வகுத்தார். இன்று பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய தரச்சான்று நிறுவனங்கள் அதன் திருத்திய வடிவத்தையே எல்லா நாட்டு நாணயங்களுக்கும் பயன்படுத்துகின்றன. அந்த அளவுகோலில் 59 என்ற எண் வழக்கில் இல்லை. ‘ஏயு 58’ (ஏயு: ஏறத்தாழப் புழங்காதது) வரை புழங்கிய நாணயம், ‘எம்எஸ் 60’ (எம்எஸ்: நாணயசாலையிலிருந்து வந்த நிலை) முதல் புழங்காத நாணயம் என்று கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. சேகரிப்பாளர் பெரும்பாலும் ஏமாறுவது இந்தக் கோட்டில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 58 தர நாணயத்தில் மிக மேடான இடங்களில் மட்டும் இலேசான தேய்மானம் இருக்கும். மற்றபடி அது கண்ணைப் பறிக்கலாம். 60, 61 தர நாணயத்தில் தேய்மானமே இராது. ஆனால் நாணயசாலைப் பைகளில் ஒன்றோடொன்று மோதிய தழும்புகள் முகமெங்கும் இருக்கலாம். ஆகவே அழகாக இருப்பதுதான் உயர்ந்த தரம் என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம். பார்க்க வேண்டியது அச்சுப் பளபளப்பு எங்கேனும் அறுபட்டிருக்கிறதா என்பதையே.

அச்சடிக்கும்போது அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கிப் பரவி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை உண்டாக்குகிறது. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி, நாணயத்தைச் சாய்க்கும்போது வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுழலும். விரல்கள் உரசியதும் முதலில் மழுங்குபவை இந்தக் கோடுகளே. இதைக் காண, அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு ஒற்றை மேசை விளக்கின் கீழே மெத்தென்ற துணியை விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் திருப்ப வேண்டும். முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, பிறகுதான் ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெரிதாக்கும் லென்சை எடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் லென்சைப் பிடித்தால் சில்லறைக் கீறல்களே பெரிதாகத் தெரியும்.

சிங்கப்பூரின் முதல் நாணய வரிசையைச் சேர்ந்த 1967ஆம் ஆண்டு ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் ஒன்றைப் புழங்காதது என்ற உறுதிமொழியின்பேரில் வாங்கி வந்தேன். கடையின் பரவிய வெளிச்சத்தில் அது குறையற்றதாகவே தோன்றியது. வீட்டு விளக்கின் கீழே சாய்த்தபோது தளமெங்கும் ஓடிய ஒளி சிங்கத்தின் மிக மேடான இடத்தை எட்டியதும் நின்றுபோனது. உளுத்தம்பருப்பைவிடச் சிறிய ஓரிடம் மட்டும் சாம்பல் பூத்து மங்கியிருந்தது. 58 தரத்தின் இலக்கணமே அதுதான்.

ஆனால் தட்டையாகத் தெரிவதெல்லாம் தேய்மானம் ஆகாது. அச்சு போதிய அழுத்தத்துடன் விழாவிட்டாலும் மேடான இடங்கள் நிரம்பாமல் நிற்கும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களுக்காக வெளியிடப்பட்ட ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி நாணயத்தில், மகுடத்தின் பட்டை, புருவம், தோளின் அங்கி ஆகியவற்றைப் பாருங்கள். தட்டையான இடத்திலும் சுற்றியுள்ள பளபளப்பு அறுபடாமல் தொடர்ந்து ஓடினால் அது அச்சுக் குறை. நிறம் மாறி, ஒளி அங்கே மட்டும் செத்திருந்தால் தேய்மானம். மேடுகளைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் எழுத்துகளுக்கும் உருவத்துக்கும் இடைப்பட்ட வெற்றுத் தளத்தையும் பாருங்கள்; கைமாறிய நாணயத்தில் அங்கும் ஒளி திட்டுத் திட்டாக மங்கியிருக்கும்.

மெருகேற்றிய நாணயம் இந்தச் சோதனையில் உடனே சிக்கிக்கொள்ளும். அதன் ஒளி சுழலாது. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி வெளுத்து நிற்கும், துடைத்த திசையில் மெல்லிய கீறல்கள் இணையாக ஓடும். அப்படிப்பட்டதற்குத் தரச்சான்று நிறுவனங்கள் வழக்கமான எண் தருவதில்லை. குறையைச் சுட்டும் ‘டீட்டெயில்ஸ்’ சான்றுதான் கிடைக்கும். எனவே எல்லைக்கோட்டில் உள்ள நாணயத்தைச் சற்றே பளிச்சென்று ஆக்கலாம் என்று துணியால்கூடத் துடைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் செப்பு கலந்த நாணயங்கள் எளிதில் கறுத்துப் புள்ளி விழும் என்பதால், பிவிசி கலந்த மென்மையான உறைகளைத் தவிர்த்து, சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

பழைய வெள்ளி நாணயமானால் தரத்துக்கு முன்பு எடையைப் பாருங்கள், போலிகள் ஏராளம். நீரிணைக் குடியேற்றங்களின் 1903, 1904ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்டு மன்னர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் 26.95 கிராம், 1907 முதல் வந்த சிறியது 20.21 கிராம்.

விலை பேசும்போது, ஐயம் தீராத நாணயத்துக்கு 58 தரத்தின் விலையையே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விற்பவர் 62 என்றால் அதற்கான காரணத்தை விளக்கின் கீழே காட்டச் சொல்லுங்கள். நல்ல வணிகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். கையில் உள்ளவற்றுக்கு நான் ஒரே நாளில் முடிவெடுப்பதில்லை. முதல் நாள் தோன்றிய எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதைப் பாராமலே மீண்டும் தரம் பார்க்கிறேன். இரண்டும் வேறுபட்டால் குறைந்த எண்ணையே உறையின்மேல் எழுதுகிறேன்.