அரைநாள் சம்பளம் போகாமல் சுகர் மாத்திரை வாங்குவது எப்படி?

வடசென்னையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களோடு சங்க வேலை பார்க்கிறேன். எங்கள் பெண்களில் நாற்பது வயதைத் தாண்டி சுகரும் பிரஷரும் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "ஜி.எச். போனா ஒரு நாளே போயிடுதுக்கா, அதான் மெடிக்கல்ல பத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கறேன்" என்பார்கள். பத்து தீர்ந்ததும் அடுத்த சம்பளம் வரை மாத்திரை கிடையாது. அரசு மாத்திரைக்குக் காசு இல்லைதான், ஆனால் அதற்கு லீவு போட்டால் சம்பளத்தில் பிடிக்கிறார்களே!

மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டாம். வீட்டுப் பக்கத்திலேயே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அதைவிடச் சின்னது நகர்ப்புற நலவாழ்வு மையம். 2023 ஜூன் மாதம் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், கூட இரண்டு பேர், அவ்வளவுதான். ஆனால் நேரத்தைப் பாருங்கள்: காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. வேலை முடிந்து பஸ் இறங்கி நேராகப் போகலாம். எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையா? அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்கள்.

முதல் தடவை மட்டும் காலையில்தான் போக வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில். முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி. "டீதானேக்கா குடிச்சேன்" என்று சொல்லித் திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். டப்பாவில் நாலு இட்லி கொண்டுபோனால் வீட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அந்த ஒரு காலைக்கு வேலை செய்யும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். வைத்தியம் பார்க்க ஆதார் கட்டாயமில்லை. கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் ஆட்களும் தாராளமாகப் போகலாம். பக்கத்து அறையில் யாராவது காய்ச்சலோடு படுத்திருந்தால் கையோடு கூட்டிப் போங்கள், நீங்கள் கூட இருந்தால் பாஷைக் கஷ்டம் பாதி தீரும்.

இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளையா, வட்டமா ஒண்ணு" என்று சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும்?

மருந்து கொடுக்கும் இடத்தில்தான் நிறையக் குழப்பம். அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மாத்திரையின் பெயர் பாதியோடு போய்விடும். சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், இரண்டும் பையில் ஒன்றாகக் கலந்துவிட்டால் படித்தவர்களே திணறுவார்கள். அதனால் ஜன்னலை விட்டு நகராமல், எது காலை, எது ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் அட்டையின் பின்பக்கம் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு இரண்டு கோடு போட்டுத் தருகிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

சுகரோ பிரஷரோ உறுதியானதும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவார். சிக்கல் என்னவென்றால், அவர் வரும் பகல் நேரத்தில் நம் பெண்கள் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பூட்டிய வீட்டில் அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் அவரும் நம் ஏரியாப் பெண்தான். போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறதே என்று டாக்டரைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அவர் சொன்ன தேதியில் போக வேண்டும். காலில் ஆறாத புண் இருந்தால் தேதி பார்க்காமல் அன்றே போங்கள்.

முப்பது வயது தாண்டிய பெண்கள் அதே நடையில் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில நிமிஷ வேலை. இதற்குத்தான் எங்கள் ஆட்கள் ரொம்பக் கூச்சப்படுகிறார்கள். அதனால் நான் இரண்டு மூன்று பேராகச் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். ஒருத்தி உள்ளே போய்விட்டு "ஒண்ணும் இல்லடி, போ" என்று வந்து சொன்னால் அடுத்தவள் போய்விடுவாள்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அங்கேயே உண்டு, சீட்டில் எழுதித்தரும் எல்லாத் தேதிக்கும் போக வேண்டும். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, மூச்சு முட்டுவது என்றால் மட்டும் இந்தச் சின்ன மையங்களுக்குப் போய் நேரத்தை விடாதீர்கள். 108தான்.

திறந்திருக்க வேண்டிய நேரத்தில் பூட்டியிருந்தால் அங்கேயே நின்று திட்டிப் பயனில்லை. சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்யுங்கள். "எப்பப் பார்த்தாலும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்காமல் எந்த மையம், எந்தத் தெரு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். புகார் எண் கொடுப்பார்கள், குறித்துக்கொண்ட பிறகு போனை வையுங்கள்.