ஓ.எம்.ஆர். பக்கம் மனை வாங்குமுன் தண்ணீரை விசாரியுங்கள்

2006ல் நாங்கள் தென்சென்னையின் மேடவாக்கத்துக்குக் குடிவந்தபோது எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடு. இன்று தெருமுனை அடுக்ககத்தில் மட்டும் அறுபது குடும்பம். 2000ல் தரமணியில் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்தது. அப்புறம் கம்பெனிகள் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையோடு சிறுசேரி வரை போயின, வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. 2011ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகர எல்லையை 1,189லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022ல் அரசாணையே வந்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் மாதம் ஒரு பிள்ளையாவது போன் செய்து, "அத்தை, இந்த இடம் வாங்கலாமா?" என்று கேட்கிறது. அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

வேலைக்கு எவ்வளவு தூரம், மெட்ரோ எப்போது வரும் என்பதையெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். தண்ணீரைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு வழியாகக் கடலுக்குப் போகும். நம் வீடுகளில் பல அந்த வழியில்தான் நிற்கின்றன. 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மகளின் மார்க் ஷீட்டுகளை மொட்டை மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தேன், ஓரமெல்லாம் சேறு. விற்றவர், "ஒரு சொட்டு நிக்காதும்மா" என்று சொல்லியிருந்தார். நாங்களும் நம்பினோம்.

முதலில் புல எண்ணையும் (சர்வே நம்பர்) உட்பிரிவு எண்ணையும் வாங்குங்கள். எண் தரத் தயங்கினால் அந்த இடமே வேண்டாம். எண் கையில் இருந்தால் வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா சிட்டாவோடு அ-பதிவேட்டையும் பார்க்கலாம். பட்டா நிலமா, புறம்போக்கா என்பது அதிலேயே தெரியும். அதோடு நிறுத்திவிடாதீர்கள், சுற்றியுள்ள புல எண்களையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து எண் ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி (சதுப்புநிலம்) என்று வந்தால் மழைக்காலத்தில் அது உங்கள் வாசலுக்கும் வரும். புல வரைபடத்தையும் எடுத்து வாய்க்கால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்தபிறகுதான் நான் அதை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் போனது. தரையில் அதற்கு அடையாளமே இல்லை.

கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தை ஒட்டிய படமாகத் தேடுங்கள். இன்று மனைக்கல் நட்டிருக்கும் இடம் அன்று கருநீலமாகத் தெரிந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருடத்துக்குப் போடுங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இரண்டையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஆனால் தாளில் எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளத்தில் மிதந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அதனால் நேரில் போங்கள், நவம்பரில் போங்கள். பளிச்சென்று வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஈ.பி. பெட்டியைப் பாருங்கள். பழைய வீடுகளில் அதைக் கழற்றி மேலே மாட்டியிருந்தால் சுவரில் பழைய ஆணித் துளை இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரம்தான் அந்தத் தெரு வெள்ளத்தில் படித்த பாடம். புது வீட்டுக்குப் படி எத்தனை என்று எண்ணுங்கள். டீக்கடை அக்காவிடம், "2015ல எது வரைக்கும் வந்துச்சு, மிக்ஜாம்ல எது வரைக்கும் வந்துச்சு?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2023 புயலுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை என்பார்கள், எந்தத் தெருவுக்குப் படகு வந்தது என்பார்கள். புரோக்கர் கூட நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தனியாகப் போங்கள்.

மழைத்தண்ணீர் நிற்கும் இடத்திலேயே குடிதண்ணீர் இல்லாமலும் போகும். 2019 கோடையில் எங்கள் போர்வெல் வற்றிப்போய், லாரி வரும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். கடற்கரைப் பக்கம் நெருங்க நெருங்கப் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் கேட்டு, இரண்டு லிட்டர் பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து வாருங்கள். ஒரு பிடி துவரம்பருப்பைக் குக்கர் இல்லாமல் அதில் வேகவையுங்கள், இன்னொரு பிடியை உங்கள் வீட்டுக் குடிதண்ணீரில். உங்கள் வீட்டுத் தண்ணீரில் குழைந்து, போர் தண்ணீரில் விதை விதையாக நின்றால் அது சமையலுக்கு உதவாது; அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு லாரிக்கும் கேன் தண்ணீருக்கும் என்ன செலவாகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் விலை பேச உட்காருங்கள்.