பிசிபி நிமோனியா: ஓபி-ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர், மூச்சு வாங்குதுன்னு வந்தவருக்கு அசித்ரோமைசின்னு ஒரு சாதாரண ஆன்டிபயாடிக் எழுதிட்டு இருந்தான். பாத்ததும் பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அதே சீட்டு நானும் ஒரு காலத்துல எழுதினவன்தான்.

பிசிபி-ங்கிறது நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசி-ன்னு ஒரு பூஞ்சையால வர்ற நிமோனியா. நல்லா இருக்கிறவங்கள ஒண்ணும் பண்ணாது. ஹெச்ஐவி-ல சிடி4 (எதிர்ப்பு சக்தி செல்) எண்ணிக்கை 200-க்கு கீழ போனவங்க, கிட்னி மாத்துனவங்க, மாசக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க, இவங்களத்தான் பிடிக்கும்.

உட்கார வச்சே சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் சதவீதம்) பாக்குறது

எனக்கு இன்னும் எரிச்சல் வர்றது இதுலதான். நான் அந்தச் சீட்டு எழுதின அன்னிக்கு வந்தவர் தையல் கடைக்காரர், ஹெச்ஐவி மாத்திரைய பாதில விட்டவர், மூணு வாரமா வறட்டு இருமல், லேசா காய்ச்சல். ஸ்டெத் வச்சா நெஞ்சு கிளியர், எக்ஸ்ரே கிளியர், ஆக்ஸிமீட்டர விரல்ல மாட்டுனா 96, சரின்னு மாத்திரையும் சிரப்பும் குடுத்து அனுப்பிட்டேன். நாலாவது நாள் ராத்திரி உதடு நீலமாகி வந்தாரு, 78. பதினோரு நாள் ஐசியூ, எப்படியோ பொழச்சாரு. அவர் சம்சாரம் கேட்டாங்க, "பாத்ரூம் போயிட்டு வந்தாலே இளைக்குதுன்னு அன்னிக்கே சொன்னோமே சார்?" சொன்னாங்கதான். நான்தான் காதுல வாங்கல.

இந்த நோய்ல காத்துப்பைக்குள்ள நுரை மாதிரி ஒண்ணு அடைச்சுக்கும். சும்மா உட்கார்ந்திருந்தா ரத்தம் மெதுவா போகும், தேவையான ஆக்ஸிஜன எப்படியோ எடுத்துக்கும். நடந்தா ரத்தம் வேகமா ஓடும், எடுக்க நேரம் பத்தாது, சர்ருன்னு இறங்கும். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா இருக்கலாம், சிடி-லதான் பனி மூட்டம் மாதிரி தெரியும். அதனால ஆக்ஸிமீட்டர கழட்டாம வராண்டால ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. ஜூனியரோட பேஷண்ட நடக்க வச்சோம், 95-ல இருந்து 86.

சளி டெஸ்ட் நெகட்டிவ், அப்ப இல்லன்னு விடுறது

வறட்டு இருமல்காரர்கிட்ட சளிக்கு எங்க போறது? வந்தாலும் சாதாரண சளில இது சிக்குறது கஷ்டம், பிராங்கோஸ்கோப்பி (நுரையீரலுக்குள்ள குழாய் விட்டு சாம்பிள் எடுக்குறது) பண்ணணும். அதுக்கு டேட் கிடைக்கிற வரைக்கும் மருந்த நிறுத்தி வைக்காதீங்க, ஆரம்பிச்சு சில நாள் கழிச்சு எடுத்தாலும் கிருமி தெரியும்.

பூஞ்சைதானேன்னு ஃப்ளுகோனசோல் (பூஞ்சை மருந்து) குடுக்குறது

கேக்காது. செப்ட்ரான்தான், சல்ஃபா சேர்ந்த ஆன்டிபயாடிக்.

ஸ்டீராய்டுக்கு பயப்படுறது

எதிர்ப்பு சக்தி இல்லாதவருக்கு ஸ்டீராய்டான்னு கை நடுங்கும். ஹெச்ஐவி பேஷண்ட்டுக்கு ஏபிஜி-ல (தமனி ரத்த டெஸ்ட், ஆக்ஸிமீட்டர் இல்ல) ஆக்ஸிஜன் அழுத்தம் 70 mmHg-க்கு கீழன்னா செப்ட்ரான் கூடவே ஸ்டீராய்டும், 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும். சாகுற கிருமியால வர்ற வீக்கம்தான் ஆள முடிக்கும்.

அஞ்சாம் நாளே மருந்த மாத்துறது

முதல் சில நாள் மோசமாகத்தான் செய்யும். கோர்ஸ் 21 நாள்.

சல்ஃபா அலர்ஜின்னதும் செப்ட்ரானுக்கு பதிலா டாப்சோன்

ஜி6பிடி (சிவப்பணுவ காக்குற என்சைம்) பாத்துட்டு குடுங்க. அத சாப்பிடுறவங்களுக்கு ஆக்ஸிமீட்டர் 85-லயே நின்னா, மறுபடி பிசிபி-ன்னு ஓடாம மெத்ஹீமோகுளோபினும் (ஆக்ஸிஜன சுமக்க முடியாம மாறிப்போன ஹீமோகுளோபின்) பாருங்க.