போட்டி அட்டவணையைப் படிக்கும் முறை: ஒளிபரப்பு உரிமையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தொடரின் போட்டி முறை மாறியதாகச் செய்தி வந்தவுடன் நாம் அணிகளின் பட்டியலையும் ஆட்டத் தேதிகளையும்தான் முதலில் தேடுகிறோம். நான் பரிந்துரைப்பது வேறு வரிசை. ஒளிபரப்பு உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை ஆட்டங்களுக்கு, எந்தெந்தத் தொகுப்புகளாக விற்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதன் பிறகு அட்டவணைக்கு வாருங்கள். நம் அணி எத்தனை முறை ஆடும், யாரோடு ஆடும், அதை எங்கே பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி அந்த விற்பனைச் செய்தியிலேயே இருக்கிறது.

ஐபிஎல்லை எடுத்துக்கொண்டு பழகுங்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களின் உரிமை 2022 ஜூனில் நடந்த மின் ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி, இணைய உரிமை 20,500 கோடி, தேர்ந்தெடுத்த சில ஆட்டங்களுக்கான தனி இணையத் தொகுப்பு 3,258 கோடி, வெளிநாட்டு உரிமை 1,057 கோடி. மொத்தத் தொகை மலைக்க வைக்கும். ஆனால் அதைவிட முக்கியமானது, ஏலத்தில் கணக்கிடப்பட்ட 410 ஆட்டங்கள் என்ற எண். தொகையை இந்த எண்ணால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி வருகிறது. இருபது இருபது ஓவர்களாக 240 பந்துகள் வீசப்படும் ஆட்டத்தில் ஒரு பந்தின் விலை 49 லட்சம். ஓவரின் ஆறாவது பந்தைக் களத்தடுப்பாளர் எடுத்து விக்கெட் காப்பாளரிடம் எறிந்து முடிப்பதற்குள் திரை விளம்பரத்துக்குத் தாவிவிடுவதன் காரணமும், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டரை நிமிட இடைவேளை இரண்டு முறை வருவதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

இனி 410 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து பருவங்களுக்கும் 74 ஆட்டங்கள் என்றால் 370தான் வரும். மீதி நாற்பது ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன? 74, 74, 84, 84, 94 என்று படிப்படியாக உயர்த்தும் திட்டத்தோடுதான் உரிமை ஏலத்துக்கு வந்தது. பத்து அணிகளும் ஒன்றோடொன்று சொந்த ஊரிலும் வெளியூரிலுமாக இரண்டு முறை மோதினால் லீக் ஆட்டங்கள் 90, முதல் நான்கு அணிகள் கோப்பைக்காக மோதும் பிளே ஆஃப் ஆட்டங்கள் நான்கு, ஆக 94. 74 ஆட்டங்கள் என்றால் ஒவ்வோர் அணியும் ஐந்து அணிகளை இரண்டு முறையும் மற்ற நான்கு அணிகளை ஒரே முறையும் சந்திக்கிறது. ஆகவே அட்டவணை வெளியானதும் உங்கள் அணி இரண்டு முறை சந்திக்கும் அந்த ஐந்து அணிகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிப் பட்டியலில் சமமாக நிற்கும் இரண்டு அணிகள் கடந்து வந்த பாதை சமமானதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏல எண்ணை நிறைவேறியே தீரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 84 ஆட்டங்கள் நடந்திருக்க வேண்டிய 2025 பருவத்திலும் 74 ஆட்டங்களே நடந்தன.

உலகக் கோப்பை போன்ற தொடர்களில் இன்னொரு எண்ணைத் தேட வேண்டும்: மிக அதிகமாகப் பார்க்கப்படும் அணிக்குக் குறைந்தபட்சம் எத்தனை ஆட்டங்கள் உறுதி? மேற்கிந்தியத் தீவுகளில் 2007இல் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பையில் 16 அணிகள் நான்கு பிரிவுகளாக ஆடின. இந்தியா வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று மூன்றே ஆட்டங்களோடு ஊர் திரும்பியது. பாகிஸ்தானும் அப்படியே திரும்பியது. அடுத்த 2011 தொடரில் 14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு பிரிவுகள், ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டங்கள் உறுதி. 2019இல் பத்தே அணிகள், ஒன்பது ஆட்டங்கள் உறுதி. மூன்று, ஆறு, ஒன்பது என்ற இந்த ஏற்றம் தற்செயலானதென்று நான் நம்பவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். 2011இல் பெங்களூரில் கெவின் ஓ பிரையன் ஐம்பது பந்துகளில் சதமடித்து இங்கிலாந்தை வீழ்த்திய அயர்லாந்துக்கு 2019இல் இடமே இல்லை. உலகக் கோப்பை என்ற பெயரைத் தாங்கும் தொடரைப் பத்து அணிகளுக்குள் சுருக்கியது தவறு என்பதே என் உறுதியான கருத்து. 2027இல் அது மீண்டும் 14 அணிகளுக்குத் திரும்புவது பெரிய ஆறுதல்.

ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக்கிலும் இதே கணக்குதான். 2024-25 பருவத்தில் அணிகள் 32இலிருந்து 36 ஆகவும், மொத்த ஆட்டங்கள் 125இலிருந்து 189 ஆகவும் உயர்ந்தன. ஒரே நீளப் பட்டியலில் முதல் எட்டு அணிகள் நேரே பதினாறு அணிகள் மோதும் வெளியேற்றச் சுற்றுக்குச் செல்கின்றன, 9 முதல் 24 வரை உள்ளவை இன்னொரு சுற்று ஆடுகின்றன, மற்றவை வெளியேறுகின்றன. எனவே 8, 24 ஆகிய இரண்டு வரிசை எண்களின் கீழ் மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தால் போதும். தேதியில் மட்டும் கவனம் தேவை: குளிர்காலத்தில் அங்கே புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு வியாழன் அதிகாலை ஒன்றரை மணி.

எங்கே பார்ப்பது என்ற கேள்வியில்தான் நம் வீடுகளில் அதிகக் குழப்பம். இந்திய அணி ஆடிய ஒருநாள் ஆட்டம் ஒன்றின்போது, பக்கத்து வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் அதே அலைவரிசையில் வேறு நிகழ்ச்சி வந்ததால் என் மாமா கேபிள்காரரை அழைத்துக் கடிந்துகொண்டார். கேபிள்காரர்மீது தவறே இல்லை. தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களின் ஒளிபரப்பை, உரிமை பெற்ற நிறுவனம் விளம்பரமின்றி, தூர்தர்ஷனை நடத்தும் பொது ஒளிபரப்பு அமைப்பான பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் வீட்டு டிஷ் ஆண்டெனாவுக்கு நேரே வரும் அதன் டிடிஎச் சேவைக்கும் மட்டுமே பொருந்தும், கேபிளுக்குப் பொருந்தாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டு மாடியில் இருந்தது அந்த டிடிஎச் சேவையான, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியலைப் பாருங்கள். இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களும், ஒலிம்பிக்கும், உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டம், அரையிறுதி, இறுதி ஆகியனவும் அதில் இருக்கின்றன. ஐபிஎல் அதில் இல்லை. அதைப் பார்க்க விரும்பினால், தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் தனித்தனியே விற்கப்படுபவை என்பதை நினைவில் வைத்து, வீட்டில் உள்ளவர்கள் எந்தத் திரையில் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் சந்தா கட்டுங்கள்.