கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண உட்காரும் முன்: குமரி மாவட்டத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

அசெம்பிளி வீடியோக்கள் பெரும்பாலும் உடம்பில் தேங்கிப் பார்ட்ஸைக் கெடுக்கக்கூடிய ஸ்டாட்டிக் மின்சாரத்தைச் சொல்லித்தான் முதலில் பயமுறுத்தும். காற்று வறண்ட ஊர்களில் அந்தப் பயம் நியாயம்தான். குளச்சல், ராஜாக்கமங்கலம் பக்கம் காற்றில் ஈரம் இல்லாத நாள் குறைவு. ஈரக்காற்றில் ஸ்டாட்டிக் அவ்வளவாகத் தேங்காது. பார்ட்ஸைக் கையில் எடுக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டால் போதும். ஏசி அறையில் பாலியஸ்டர் சட்டையோடு வேலை செய்பவர்கள் மட்டும் ஸ்டாட்டிக்கை இறக்கிவிட மணிக்கட்டில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நம்மூரில் அதைவிடக் கவனிக்க வேண்டியவை வியர்வையும் எர்த்தும்.

முதலில் எர்த். கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக் பாயின்டில் மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே எண் வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. பேஸ்–எர்த் அளவு மட்டும் நன்றாகக் குறைந்தோ அலைபாய்ந்தோ இருந்தால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. கடலோர வீடுகளில் எர்த் கம்பி உப்பில் அரித்துப்போவது சாதாரணம். மணல் தரையில் கோடைக்கு எர்த் குழி காய்ந்தும் போகும். எர்த் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக மெயின் வோல்ட்டேஜில் பாதி கேபினெட்டுக்கு வந்து நிற்கும். தொட்டால் சுரீர் என்று இழுப்பது இதனால்தான். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் லைவ் பாயின்டில் கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து கருவிகள். காந்த முனையுள்ள 2-ஆம் நம்பர் ஸ்டார் திருப்புளி ஒன்று, தண்டு 15 செ.மீ. நீளமாவது இருக்கட்டும், கூலரின் ஓரத்து ஸ்க்ரூவுக்குக் குட்டைத் திருப்புளி எட்டாது. மதர்போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டியின் பொடி ஸ்க்ரூவுக்கு 1-ஆம் நம்பர் தனியாக வேண்டும். பெரிய முனையால் அதைத் திருகினால் தலை வழுவழுவென்று தேய்ந்துவிடும், பிறகு கழற்றவே வராது. இவற்றோடு பத்து செ.மீ. கேபிள் டை இருபது, ஒரு கட்டர், டார்ச்.

ஸ்க்ரூக்களைக் கொட்டிப் பிரிக்க இட்லித் தட்டு அருமையாக உதவும். கேபினெட்டோடு வரும் பையில் இரண்டு வகை கலந்திருக்கும். மரை நெருக்கமாக இருப்பது எம்3. 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கும், மதர்போர்டைத் தாங்கும் ஸ்டாண்டாஃப் கட்டைகள் சிலவற்றுக்கும் போடுவது. மரை அகலமாக, சற்றுத் தடியாக இருப்பது 6-32. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் உரியது. விரலாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் இறங்கினால் மட்டும் திருப்புளியை எடுங்கள். எம்.2 ஸ்க்ரூ மதர்போர்டு பெட்டிக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் இருக்கும். குப்பையோடு அதிகம் போவது அதுதான்.

ஸ்டாண்டாஃப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கேபினெட்டுகள் பெரும்பாலும் ஏடிஎக்ஸ் அளவு மதர்போர்டுக்குப் பொருத்தியே வரும். நீங்கள் வாங்கியது அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால், ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளைக் கட்டை போர்டின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஷார்ட் ஆகி ஆன் ஆகாது. சில நேரம் போர்டே போய்விடும். ஒரு தாளை விரித்து அதன்மேல் மதர்போர்டை வைத்து, ஓட்டைகள் வழியாகப் பேனாவால் புள்ளி வையுங்கள். தாளைக் கேபினெட்டில் பிடித்துப் பார்த்து, மிஞ்சும் கட்டையைக் கழற்றிவிடலாம். பிறகு போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்து வேலை செய்யுங்கள். வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவர்மேல் வைத்து மட்டும் கரண்ட் கொடுக்காதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தும்.

துடைக்க 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களிடம் கேட்டால் கிடைக்கும். சானிடைசரில் கிளிசரின் இருப்பதால் படலம் படியும், அது ஆகாது. துவர்த்தும் (துண்டு) வேண்டாம், நூல் உதிரும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி போதும். தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு பிராசசரைத் தொடக்கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு வாருங்கள். பிராசசர் உட்காரும் இடத்தில், ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் என்றால் 1718 தொடுமுனைகள், இன்டெல் எல்ஜிஏ 1700-இல் பெயரிலேயே உள்ளபடி 1700. குனிந்திருக்கும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் வம்பு. நெற்றிக்கு ஒரு கட்டு, கால் பக்கம் திருப்பிய டேபிள் ஃபேன், இரண்டும் செலவில்லாத ஏற்பாடு. ஏசி காரிலோ அறையிலோ குளிர்ந்திருந்த பார்ட்ஸை உடனே பிரித்தால் ஈரம் கோர்க்கும். பெட்டியோடு ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள்.

பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு கிராம் டியூப் தாராளம். பெட்டியோடு வந்த கூலரின் அடியில் ஏற்கெனவே பூசியிருந்தால் அதன்மேல் இன்னொரு அடுக்கு பூச வேண்டியதில்லை.

பென் டிரைவ் இரண்டு. விண்டோஸுக்கு 8 ஜிபியாவது இருக்க வேண்டும்; உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். இரண்டாவதை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து பயாஸ் (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கோப்பையும் லேன், வைஃபை டிரைவர்களையும் போட்டு வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போது இன்டர்நெட் கேட்கும். புது மதர்போர்டின் வைஃபை அதற்குத் தெரியாமல் போனால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். முன்பு வந்த பி650 வகை ஏஎம்டி போர்டில் ரைசன் 9000 வரிசை பிராசசர் போடுவதானால் பயாஸ் அப்டேட் முதலிலேயே தேவைப்படலாம். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்தது என்றே வையுங்கள். ஒரு 600 விஏ யுபிஎஸ்ஸை யாரிடமாவது இரவல் வாங்கியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்தோ ஆன்லைனிலோ வாங்கிய பார்ட்ஸ் என்றால் சீல் உடைப்பதிலிருந்து வீடியோ எடுத்து, சீரியல் நம்பர் பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பெட்டிகளை ரிட்டர்ன் காலம் முடியும்வரை வீசாதீர்கள்.

வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், ஒரு எம்.2 ஸ்க்ரூ குறைந்தாலும் திங்கள்வரை பார்ட்ஸ் திறந்த கேபினெட்டில் கிடக்கும்.