திருகிச் சரிபார்க்க எந்தக் குமிழும் இல்லாத அடர்த்தி வளைவு: லாக்-கான்கேவ் முறை

ஆர் மொழி கணினியில் இருக்கிறது, ஹிஸ்டோகிராம் வரையத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஹிஸ்டோகிராமுக்குப் பதில் வழுவழுப்பான அடர்த்தி வளைவு வரையும் கெர்னல் முறையில் பேண்ட்விட்த்தை, அதாவது எவ்வளவு மென்மையாக்குவது என்று நாம் தரும் எண்ணை, கூட்டினால் மேடு மழுங்கும், குறைத்தால் வளைவு பல் பல்லாக நிற்கும். எனக்கு அது அலுத்துவிட்டது. லாக்-கான்கேவ் முறையில் அப்படித் திருக எண் எதுவும் இல்லை, ஒரே நிபந்தனைதான்: அடர்த்தியின் லாக்கை வரைந்தால் கவிழ்த்த கிண்ணம்போல இருக்க வேண்டும், எங்கும் பள்ளம் விழக் கூடாது. நார்மல், எக்ஸ்பொனென்ஷியல் இரண்டும் இதில் சேரும். லாக்நார்மல் சேராது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 1: லாக்கான்டென்ஸ் பொதியை (பேக்கேஜ்) நிறுவுங்கள். பொதியின் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. அதே பெயருள்ள கட்டளையில் மட்டும் சி, டி இரண்டும் பெரிய எழுத்து. பைத்தானில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

படி 2: ஆர் கூடவே வரும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் தரவை எடுங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் உள்ள வெந்நீர் ஊற்று அது, 272 பீறிடல்கள். அடுத்த பீறிடலுக்கான காத்திருப்பு நேரத்தை அப்படியே கொடுத்தால் இரண்டு மேடுகளையும் அமுக்கி ஒரே குன்றாக்கிவிடும், ஏனென்றால் இம்முறைக்கு ஒரு மேடுதான் தெரியும். 3 நிமிடத்துக்கு மேல் நீடித்த பீறிடல்களை மட்டும் பிரித்தெடுங்கள். 175 மிஞ்சும்.

படி 3: அந்த 175 பீறிடல்களின் காத்திருப்பு நேரத்தைக் கொடுத்துக் கட்டளையை ஓட்டுங்கள். லாக் வளைவு நேர்க்கோட்டுத் துண்டுகளாக வரும், மடிப்புகள் தரவுப் புள்ளிகளில்தான் விழும். பிழை இல்லை, விடை அப்படித்தான்.

படி 4: நான் ஒரு மாலை முழுக்க முட்டிக்கொண்டது இங்கேதான். 35 எண்களைச் சோதனைக்கு ஒதுக்கி, மீதியில் வளைவைப் பொருத்தி, சோதனை எண்களின் லாக்-லைக்லிஹுட்டை (ஒவ்வொரு எண்ணிலும் வளைவு தரும் அடர்த்தியின் லாக்) கூட்டினால் மைனஸ் முடிவிலி! நிரலை மூன்று முறை மாற்றி எழுதினேன். காரணம் சின்னது. கொடுத்த தரவின் மிகச்சிறிய எண்ணுக்குக் கீழேயும் மிகப்பெரிய எண்ணுக்கு மேலேயும் இந்த அடர்த்தி சுத்தமாகப் பூஜ்யம். அதிகபட்சக் காத்திருப்பான 96 நிமிடம் ஒதுக்கிய பக்கம் போய் விழுந்திருந்தது. பூஜ்யத்தின் லாக் என்ன? சரி, அதேதான்.

அதே பொதி, கேட்காமலே, மென்மையாக்கிய வடிவத்தையும் கணக்கிட்டு வைக்கிறது. அதில் வால் இரு பக்கமும் நீளும், அதன் மாறுபாடும் (வேரியன்ஸ்) தரவின் மாறுபாட்டோடு ஒத்துப்போகும். சோதனைக்கு அந்த அடர்த்தியை எடுங்கள்.

பின்சேர்க்கை: வளைவு பொருந்தவில்லை என்று ஒருவர் பின்னூட்டமிட்டார். விசாரித்தால், ஒரே எண் பல தடவை வருகிறதே என்று திரும்பி வந்தவற்றை நீக்கியிருக்கிறார். நீக்காதீர்கள், எத்தனை தடவை வந்ததோ அத்தனை எடை கொடுத்துப் பொதியே பார்த்துக்கொள்ளும்.