உப்புக்காற்றிலும் வெயிலிலும் தாங்கும் கடைப் பலகை: முதல் முறை செய்பவர்களுக்கு

நாகர்கோவிலில் இருந்து குளச்சலுக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் பாருங்கள். பழையவை பெரும்பாலும் நீலமாகத் தெரியும். எந்தக் கடைக்காரரும் நீலப் பிரியாணி படம் கேட்டிருக்க மாட்டார். அச்சு மையில் நான்கு நிறங்கள் உண்டு: சியான் (ஒருவகை நீலம்), மெஜந்தா (கரும் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு. வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்விடும். சியானும் கறுப்பும்தான் கடைசிவரை நிற்கும்.

நாலுக்கு இரண்டு அடியில் ஒரு பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. ஏசிபி ஷீட்டின் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஷீட்) மேல் வினைல் ஸ்டிக்கர்.

டிசைன்

போன் நம்பரைச் சிவப்பில் அச்சடிக்காதீர்கள். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்ததுதான் அந்தச் சிவப்பு, அதனால் முதலில் மங்குவதும் அதுதான். வெள்ளையில் கறுப்பு அல்லது கரு நீலம் போதும். சிவப்பு கட்டாயம் வேண்டுமென்றால் அந்த எழுத்தை மட்டும் சிவப்பு வினைலிலேயே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். நிறம் வினைலுக்குள்ளேயே இருப்பதால் அச்சைவிட அதிக நாள் தாங்கும்.

இடம்

நம் கன்னியாகுமரி மாவட்டம் 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். தெற்கு அல்லது வடக்கு பார்த்த சுவராக இருந்தால், மேலே ஓரடி சன்ஷேடு இருந்தாலே உச்சிவெயிலில் பலகையின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். கிழக்கு, மேற்கு பார்த்த சுவருக்கு இது உதவாது. காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக அடியில் நுழைந்துவிடும். அங்கே லேமினேஷனில் (அச்சின் மேல் ஒட்டும் தெளிந்த படலம்) கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

அச்சு

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரை மறந்துவிடுங்கள். பிரிண்டிங் கடையில் ஈகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மை) அச்சும், அதன் மேல் யுவி (புற ஊதாக் கதிர்) தடுக்கும் லேமினேஷனும் கேளுங்கள். அச்சடித்த கையோடு லேமினேஷன் போட வேண்டாம், ஒரு நாள் காயட்டும். மூக்கருகே பிடித்தால் மை வாசனை தூக்கலாக அடிக்கிறதா? அப்படியானால் இன்னும் கரைப்பான் ஆவியாகவில்லை. அதை உள்ளே வைத்து மூடினால் ஓரம் சுருளும், கொப்புளம் வரும். “அவசரம் அண்ணே” என்று நீங்களே கடைக்காரரை விரட்டாமல் இருந்தால் போதும்.

ஒட்டுவது

பலகையின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது. நான் பார்த்தவரை வெயிலில் மங்கிச் செத்த பலகைகளைவிட ஓரம் பெயர்ந்து செத்தவைதான் அதிகம்.

மழை இல்லாத, காற்றில் ஈரம் குறைந்த நாளாகப் பாருங்கள். ஜூனிலும் ஒரு மழைக்காலம், அக்டோபரிலும் ஒரு மழைக்காலம் உள்ள ஊர் இது. பிப்ரவரி நல்ல மாதம். ஏசிபி மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை உரியுங்கள் (உரிக்காமல் அதன் மேலேயே ஒட்டியவர்களும் உண்டு). ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள்.

ஸ்டிக்கரின் நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் லேசாக வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மூலைதான் காற்றுக்கும் நகத்துக்கும் முதலில் அகப்படுவது. பின்தாளில் இரண்டு அங்குலம் மட்டும் உரித்து மேல் ஓரத்தை ஒட்டுங்கள். அப்புறம் ஒரு கையால் தாளை இழுத்துக்கொண்டே, ஸ்குயீஜியால் (ஸ்டிக்கர் தேய்க்கும் தட்டையான பிளாஸ்டிக் துண்டு) நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து வாருங்கள். ஒட்டி முடித்ததும் தெளிந்த லேமினேஷன் பட்டையை ஓரம் முழுக்க ஒட்டுங்கள். பாதி ஸ்டிக்கர் மேலும் பாதி ஷீட் மேலும் இருக்கட்டும். தண்ணீர் நுழையும் வழி அடைபட்டுவிடும்.

மாட்டுவது

குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு வலைக் கடைக்குப் பலகை மாட்டினேன். கையில் இருந்த சாதாரண இரும்பு ஸ்க்ரூவையே போட்டுவிட்டேன். அடுத்த மழை முடிந்தபோது நான்கு ஸ்க்ரூவிலிருந்தும் புளிக்குழம்பு வடிந்த மாதிரி துருக்கோடு. அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான்.

கடலோரம் என்றால் 316 கிரேடு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ வாங்குங்கள். அதற்கும் ஷீட்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் வேண்டும். ஏசிபியின் மேல்தகடு அலுமினியம். உப்பு ஈரத்தில் எஸ்.எஸ். நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். வெயிலில் ஷீட் விரியும், அதனால் துளை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். சுவரோடு ஒட்டி மாட்டாமல் அரை அங்குலம் இடைவெளி விட்டால் பின்பக்கம் காயும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் கதை வேறு. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அங்கே ஸ்க்ரூ எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஃபிளெக்ஸ்தான் கட்டுகிறீர்கள் என்றால் ஓரத்தை இரட்டையாக மடித்து ஒட்டி, அடிக்கு ஒரு ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) வையுங்கள்.

கழுவுவது

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி. சன்ஷேடுக்குக் கீழே உள்ள பலகையில் மழை சரியாகப் படாது, உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே அதைத்தான் தவறாமல் கழுவ வேண்டும். தின்னரும் பெட்ரோலும் தொடவே கூடாது, லேமினேஷன் போய்விடும். குலசேகரம் மாதிரி ரப்பர் தோட்ட நிழலில் பாசி பிடித்தாலும் சுரண்டாதீர்கள், சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் துடையுங்கள்.

மூலை எங்காவது பெயர்ந்தால் ஃபெவிகுயிக் வைக்க வேண்டாம், காய்ந்ததும் விறைத்து அடுத்த இடத்தில் கிளம்பும். பெயர்ந்த துண்டை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதன் மேல் ஓரப்பட்டையை ஒட்டிவிடுங்கள்.